விசாலம் செத்த பிறகு

ஜூலை 2, செவ்வாய்

"எறும்புக்கா சொல்லிக் குடுக்குற? மனுசிக்குச் சொல்லுத்தா" என்றார் கனகவேணி அம்மா. செட்டே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது.

சீரியலில் எனக்கு இரண்டு வேலை. எழுத்தாளர் வசந்தன் சார் வீட்டிலிருந்து குரல் பதிவாக அனுப்பும் காட்சிகளைக் கேட்டு, சீன் பேப்பராகக் கையால் எழுதுவது ஒன்று. கேமரா ஓடும்போது ஓரமாக நின்று வசனத்தை எடுத்துக் கொடுப்பது இன்னொன்று. மருமகளாக நடிக்கும் ஸ்பூர்த்திக்குத் தமிழ் தெரியாது. ஹாசன் பக்கத்துப் பெண். நான் ஒரு துண்டு சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு அவள் சொல்வாள். பிறகு அடுத்த துண்டு. அவளுக்கு டப்பிங்கில் வேறொரு பெண் குரல் கொடுப்பதால் என் சத்தம் பதிவானாலும் பரவாயில்லை. தொண்டை கிழியக் கத்தலாம். எனக்குத்தான் வரவில்லை.

மாமியார் விசாலமாக வருகிறவர் கனகவேணி அம்மா. எல்லோரும் வேணியம்மா என்கிறார்கள். அவருக்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். பேப்பரை ஒரு முறை பார்ப்பார், நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். தன் வசனத்துக்கு டப்பிங்கும் அவரே போய்ப் பேசுகிறார். வேறு யாரையும் தொட விடுவதில்லை என்று மேனேஜர் தங்கதுரை அண்ணன் சொன்னார். குறை சொல்வதுபோலத்தான் சொன்னார்.

ஜூலை 4, வியாழன்

அம்மாவுக்குக் கழுத்து வலித் தைலம் வாங்கிக் கூரியரில் போட்டேன். ஆடி வரப்போகிறது. இனி அம்மாவுக்கு ஓய்வு கிடையாது. நான் தங்கியிருக்கும் விடுதியின் அக்கா, "உங்கம்மாவுக்கு என்ன வேலை?" என்றார். கோயில் வேலை என்றேன்.

ஜூலை 8, திங்கள்

படப்பிடிப்பு நடக்கும் வளசரவாக்கம் பங்களாவில் மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வேணியம்மா உட்கார்ந்தார். ஸ்பூர்த்தி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மாங்காய் தின்றாள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

வேணியம்மா மானாமதுரைக்காரர். பதினான்கு வயதில் நாடக மேடை. திருவிழாவுக்குத் திருவிழா வண்டி கட்டிப் போவார்களாம். ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் மேடையில் தர்க்கம் நடக்குமாம். எழுதி வைத்த வசனம் கிடையாது.

"அவன் என்ன கேப்பான்னு எனக்குத் தெரியாது. நான் என்ன சொல்லுவேன்னு அவனுக்குத் தெரியாது. பதில் சொல்லத் தெரியாதவளுக்கு மறு வருசம் அந்த ஊர்ல வெத்தலை பாக்கு கிடையாது. ஒருத்தன் ரெண்டாயிரம் ஜனத்துக்கு முன்னாடி 'உன் விலை என்னடி'ன்னு கேட்டுட்டான். கிரீடம் வாடகை, வாளு வாடகை, மீசைக்குப் பசை நேத்து எங்கிட்ட வாங்குனது, நீயா வெலை கேக்குறன்னேன். அந்த ஊர்ல அதுக்கப்புறம் அவனைப் பசைராசான்னுதான் கூப்புடுவாங்க."

ஸ்பூர்த்திக்குப் புரியவில்லை. இருந்தாலும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இருபத்து மூன்று வயதில் சினிமா. இரண்டு படங்களில் கதாநாயகி. முதல் படத்தைப் பார்க்க அவருடைய தாயாரை மதுரைக்கு அழைத்துப் போனாராம். திரையில் இவர் வாயைத் திறந்தால் யாருடைய குரலோ, கிளி கொஞ்சுவதுபோல வந்ததாம். தாயார் இருட்டில் தொடையைக் கிள்ளி, "ஏண்டி, அன்னைக்குத் தொண்டை கட்டியிருந்துச்சா?" என்று கேட்டாராம். இவருடையது கட்டைக் குரல், கதாநாயகிக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு தங்கை வேடம், தோழி வேடம். முப்பத்தாறு வயதில் அம்மா வேடம். மகனாக நடித்தவர் இவரைவிட மூத்தவர்.

"முந்தி ஒரு படத்துல என் இடுப்பைப் புடிச்சு ஆடுன ஆளு. இதுல என் மடில படுத்து அம்மாங்கிறான். சரி போ, நல்லாத் தூங்குடா ராசான்னு தலையக் கோதிவிட்டேன். ஆனா ஒண்ணுத்தா. அம்மாவானப்புறம்தான் என் குரலை எங்கிட்டத் திருப்பிக் குடுத்தாய்ங்க. அம்மா குரல் எப்படி இருந்தா எவனுக்கு என்ன? அன்னையிலேர்ந்து எவளையும் தொட விட்டதில்ல."

தெருமுனைக் கோயிலில் ஆடித் திருவிழாவுக்கு ஒத்திகை போலிருக்கிறது. தவில் சத்தம் வந்தது. வேணியம்மா என் காலைப் பார்த்தார்.

"தவில் கேட்டா உன் குதிகால் ஏன் தூக்குது?"

"கால் மரத்துப்போச்சும்மா."

"ம்" என்றார். மின்சாரம் வந்துவிட்டது.

ஜூலை 11, வியாழன்

வசந்தன் சாரிடமிருந்து ஏழு குரல் பதிவுகள். எழுதி முடிக்க மாலையாகிவிட்டது. ஒரு காட்சியில் பேனா எழுதவில்லை. மை தீர்ந்துவிட்டதென்று வேறு பேனா எடுத்தேன். பிறகு பார்த்தால் பழைய பேனாவில் மை இருந்தது.

காட்சி இது. மருமகளின் தாய் யார் என்பது விசாலத்துக்குத் தெரிந்துவிடுகிறது. உறவினர் எல்லோரும் கூடியிருக்கும் கூடத்தில் மருமகள் தலையில் சாணித் தண்ணீரை ஊற்றிவிட்டு விசாலம் சொல்கிறாள்: "தலையில குடத்தை வச்சுக்கிட்டு ஊர் ஆம்பளைங்க முன்னாடி ஆடுனவ வயித்துல பொறந்தவதானேடி நீ? கரகாட்டக்காரி மகளுக்குக் கூடத்துல என்னடி வேலை?" மருமகள் அழுகிறாள். தொடரும்.

பிரதி எடுக்கக் கொடுத்தேன். சாப்பிடவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 12, வெள்ளி

சாணித் தண்ணீருக்குப் பதில் காபித்தூளும் மைதாவும் கரைத்துக் குடத்தில் வைத்திருந்தார்கள். ஸ்பூர்த்தி பழைய சேலையில் தயாராக நின்றாள். வேணியம்மா பேப்பரைப் படித்தார். மடிக்கவில்லை.

"தம்பி, இதுக்கு அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

டைரக்டர் ஜெகன் சார் மானிட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். "அழுவும்மா."

"அப்புறம்?"

"அழுவும்மா. அதோட ஃப்ரீஸ்."

"மறுநாளு?"

"மறுநாளும் கொஞ்சம் அழுவும்."

"நான் இந்த வசனத்தைப் பேச மாட்டேன்னு சொல்லல. இதவிட மோசமாப் பேசுவேன். பாக்குற பொம்பளைங்க டிவிக்கு மண்ணள்ளிப் போடுற மாதிரி பேசுவேன். ஆனா அவளுக்கு ஒரு வாயைக் குடுங்க. எங்க நாடக செட்டு போன அதே வண்டிலதான் கரகாட்ட செட்டும் வரும். ஒரே அண்டாவுல சாப்புட்டிருக்கேன். அவளுகளைத் திட்டிட்டு, பதில் இல்லாம நான் எறங்கமாட்டேன்."

"வேணிம்மா, இது நாடகமில்ல. மருமக திருப்பிப் பேசினா கெட்ட பேர் ஆயிடும். சேனல்ல ஒத்துக்க மாட்டாங்க."

"அப்ப குடம் அப்புடியே இருக்கட்டும்."

பதினோரு மணியிலிருந்து மதியம் வரை படப்பிடிப்பு நின்றது. மைதா அடியில் படிந்துவிட்டது. தங்கதுரை அண்ணன் வேணியம்மாவுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அம்மா, நல்லதுக்குச் சொல்றேன். வம்பு பண்ணுனா படத்துக்கு மாலை போட்டுருவாங்க. போன வருசம் அந்தச் சித்தப்பா கேரக்டர் ஞாபகம் இருக்குல்ல? காலைல சண்டை போட்டாரு, சாயங்காலம் ஊதுவத்தி கொளுத்திட்டாங்க."

"போடட்டும். செவ்வந்தி வேணாம்னு சொல்லு. எனக்குத் தும்மல் வரும்."

அப்படிச் சொன்னாலும், மோரை அவர் குடிக்கவில்லை. இந்த ஒரு சீரியல்தான் இப்போது அவருக்கு இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும்.

ஜூலை 13, சனி

வேணியம்மா திங்கட்கிழமை அந்தக் காட்சியில் நடிக்க ஒத்துக்கொண்டுவிட்டாராம். எனக்கு என்ன வந்தது. துணி துவைத்தேன்.

ஜூலை 15, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூடத்தில் உறவினர் வேடத்தில் இருபது பேர். வேணியம்மா குடத்தோடு வந்து நின்றார். ஷாட்டுக்கு முன் என்னைப் பார்த்து, "இன்னைக்காச்சும் கேக்குற மாதிரி சொல்லு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஊற்றினார். ஸ்பூர்த்தி நடுங்கினாள். வேணியம்மா அந்த வரிகளைச் சொன்னார். அவர் சொன்னபோது அது வசந்தன் சாரின் வசனமாக இல்லை. மன்னார்குடி பஸ் நிலையத்தில், கல்லூரி வாசலில், எங்கள் தெருவிலேயே கேட்ட குரலாக இருந்தது. பிறகு ஸ்பூர்த்தி அழ வேண்டும். அழுதாள். அடுத்த துண்டுக்காக என் பக்கம் கண்ணைத் திருப்பினாள். பேப்பரில் அடுத்த துண்டு இல்லை.

"ஆமா" என்று ஒரு சத்தம் கேட்டது. என் குரல்.

"ஆமா" என்றாள் ஸ்பூர்த்தி.

"எங்கம்மா ஆடினா."

"எங்கம்மா ஆடினா."

"அவ தலையில இருந்த குடம் ஒரு நாளும் கீழ விழுந்ததில்ல. உங்க தலையில இருந்த மரியாதைதான் இப்ப விழுந்து கெடக்கு, அத்தை."

அவள் துண்டு துண்டாக அத்தனையும் சொன்னாள். அர்த்தம் தெரியாததால் தயங்காமல் சொன்னாள். ஜெகன் சார் கட் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் வேணியம்மா ஓர் அடி முன்னால் வந்துவிட்டார். அவர் முகம் இதுவரை நான் பார்க்காத முகம்.

"வாய் நீளுதா? விழாத குடத்துல அப்படி என்னடி வச்சிருந்தா உங்காத்தா?"

"எங்க வீட்டுச் சோறு இருந்துச்சு. என் படிப்பு இருந்துச்சு."

"ஊரே பாத்துச்சேடி, வெக்கமா இல்ல?"

"பாத்தவங்களுக்கு வராத வெக்கம் ஆடினவளுக்கு எதுக்கு வரணும்?"

மேலே பலகையில் உட்கார்ந்திருந்த லைட்மேன் ஒருவர் விசிலடித்துவிட்டார். அப்போதுதான் ஜெகன் சார் கட் சொன்னார்.

"யார் எடுத்துக் குடுத்தது?" என்று கத்தினார்.

வேணியம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே, "நான்தான் சொல்லச் சொன்னேன் தம்பி. சின்னப் பொண்ணு, என்ன பண்ணும்?" என்றார்.

அவர் சொல்லச் சொல்லவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 16, செவ்வாய்

ஸ்பூர்த்தி உடைமாற்றும் அறைக்கு என்னை இழுத்துப்போய், "அக்கா, நேத்து நான் என்ன சொல்லிச்சு?" என்று கேட்டாள். கையைக் காலை ஆட்டி விளக்கினேன். கரகத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டினேன். விழவில்லை. அவள் அத்தனை வரிகளையும் என்னிடம் திரும்பக் கேட்டுக் கன்னட எழுத்தில் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பிறகு, "சூப்பர் சொல்லிச்சு நான்" என்றாள்.

ஜூலை 18, வியாழன்

டப்பிங் அரங்குக்கு சீன் பேப்பர் எடுத்துக்கொண்டு போனேன்.

காட்சியை அவர்கள் தூக்கிப்போடவில்லை. ஸ்பூர்த்தியின் நடிப்பு அதில் நன்றாக வந்திருக்கிறதாம். வாயசைவை வைத்துக்கொண்டு குரலை மட்டும் மாற்றப்போகிறார்கள். அவளுடைய வாய் "ஆமா, எங்கம்மா ஆடினா" என்று அசையும் இடத்தில், "ஐயோ, மன்னிச்சிடுங்க அத்தை" என்று டப்பிங் பெண் பேசிவிட்டுப் போயிருந்தாள். ஏறக்குறைய ஒட்டியது. வேணியம்மாவின் கேள்விகளையும் அதற்கேற்ப அவரே மாற்றிப் பேச வேண்டும். "விழாத குடத்துல அப்படி என்னடி வச்சிருந்தா" என்ற இடத்தில், "எழுந்து வெளிய போடி, தரித்திரமே".

வேணியம்மா கண்ணாடி அறைக்குள் போனார். காதில் மாட்டினார். ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்தார். ஸ்பூர்த்தி வாயைத் திறக்க, மன்னிப்பு வந்தது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மைக்கின் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டு வெளியே வந்தார்.

"என் முதல் படத்துல எனக்குப் பண்ணுன அதே வேலை. அன்னைக்கு எவளோ ஒருத்தி குரலை எனக்கு வச்சீங்க, வாயை மூடிக்கிட்டிருந்தேன். இன்னைக்கு இந்தப் புள்ள வாய்ல மன்னிப்பைத் திணிக்கிறீங்க. அதுக்கு என் குரலை வேற வாடகைக்குக் கேக்குறீங்க. நடக்காது தம்பி."

அங்கிருந்த ஜெகன் சார் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணிம்மா, ப்ளீஸ். வேற குரல் போட்டுக்குவாங்க. அப்புறம் நீங்களே வேணாம்னு ஆயிடும். புரிஞ்சுக்கங்க."

"புரியுது."

"அன்னைக்கு அந்தப் பொண்ணுக்கு வசனம் சொல்லச் சொன்னதே தப்பு. நான் அதையே விட்டுக் குடுத்தேன்…"

"அவங்க சொல்லச் சொல்லல சார்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். ஒலிப் பொறியாளரும் திரும்பினார்.

"அது என் வசனம். நான்தான் சொன்னேன்."

ஜெகன் சார் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நல்லா இருந்துச்சு. அதான் பிரச்சினையே" என்று சொல்லிவிட்டுச் சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வேணியம்மா என் தோளில் குத்தினார். வலித்தது. "எறும்பு கடிச்சிருச்சே" என்றார்.

ஜூலை 19, வெள்ளி

வசந்தன் சாரின் குரல் பதிவு, ஒன்றே ஒன்று. விசாலம் கோயிலுக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்துவிடுகிறாள். லாரியைக் காட்ட வேண்டாம், சத்தம் போதும். நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அது என் வேலை.

ஜூலை 20, சனி

மாலை போட ஒரு படம் வேண்டும். செட்டில் எடுத்து வைத்திருந்த உடை அலங்காரப் படங்களில் எல்லாம் வேணியம்மா முறைத்துக்கொண்டிருக்கிறார். சிரித்தபடி ஒன்று வாங்கி வரும்படி தங்கதுரை அண்ணன் என்னைத்தான் அனுப்பினார். செத்தவரிடமே போய்ப் படம் கேட்பது எப்படி என்று சாலிகிராமம் வரை யோசித்துக்கொண்டே போனேன்.

இரண்டாம் மாடி, ஒரு படுக்கையறை வீடு. வேணியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சிரிச்ச படமா? லாரில அடிபட்டுச் செத்தவ சிரிச்சுக்கிட்டுத் தொங்கணுமாக்கும். உன் போனை எடு."

பால்கனிக்குப் போனார். முடியை அவிழ்த்து விட்டார். பவுடர் போடவில்லை. "நேரா எடு. மாலை போட வர்றவன் எவனோ அவனைப் பாக்குறேன்." எடுத்தேன். திரையில் பார்த்தபோது எனக்கே ஓர் அடி பின்வாங்கத் தோன்றியது.

"ஒரே ஒரு கண்டிசன். ஷூட்டிங் முடிஞ்சதும் சட்டம், மாலை எல்லாத்தோடயும் அது எங்கிட்ட வந்துறணும். தங்கதுரைகிட்டச் சொல்லிரு. நீ தூக்கிட்டு வா."

"எதுக்கும்மா?"

"எம் படம். நான் செத்ததுக்கு எனக்கு ஒரு அத்தாட்சி வேணாமா?"

சிரித்தார். பிறகு கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார். "நாப்பத்தேழு வருசம்" என்றார். அப்புறம், "பருப்பு வெந்துருச்சான்னு பாரு" என்றார்.

ஜூலை 22, திங்கள்

மாலை போட்ட காட்சி. மகனாக நடிப்பவர் படத்தின் முன் விழுந்து அழ வேண்டும். மூன்று முறை எடுத்தார்கள். "அந்தக் கண்ணைப் பாத்தா அழுகை வரல சார், பயமா இருக்கு" என்றார். மாலையைப் பெரிதாக்கிக் கன்னம் வரை மறைத்தார்கள். கண்ணை மறைக்க முடியவில்லை.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு சாலிகிராமம் போனேன். பக்கத்தில் இருந்த பெண், "உங்க பாட்டியாம்மா? எப்போ தவறுனாங்க?" என்றார். "இன்னைக்குத்தான். கீரை வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க" என்றேன். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

ஜூலை 27, சனி

வெள்ளியன்று மன்னிப்பு ஒளிபரப்பானது. இன்று லாரி. விடுதியில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். விசாலத்துக்கு யாரோ ஒரு பெண் குரல் கொடுத்திருந்தாள், மூக்கால். "செத்துச்சுடா கிழவி" என்று ஒருத்தி கைதட்டினாள். விடுதி அக்கா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் குரல் மாறுனப்பவே எனக்குப் பொசுக்குன்னு போச்சு" என்றார்.

ஜூலை 29, திங்கள்

வேணியம்மா போன் செய்து வரச் சொன்னார். வீட்டு வாசலில் பூக்காரம்மா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நடித்தவர் உயிரோடு எதிரில் நிற்கும்போதும் அழுகை நிற்கவில்லை. "தெரியும்மா, தெரியுது, இருந்தாலும்…" என்று அழுதார். மானாமதுரையிலிருந்து அண்ணன் மகன் வண்டி பிடிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறான். மளிகைக் கடைக்காரர் பாதி விலைக்கு அரிசி கொடுத்திருக்கிறார்.

"பாத்தியா? நாப்பத்தேழு வருசம் உயிரோட இருந்தப்ப வராத கூட்டம். இந்தக் கூட்டத்தை வீணாக்கக் கூடாதுத்தா."

தெருக்கோடி செல்லியம்மன் கோயிலில் வரும் ஞாயிறு ஆடித் திருவிழா. இன்னிசைக் கச்சேரிக்கு முன் ஒரு மணி நேரம் மேடை கேட்டு வாங்கிவிட்டார். விழாக் குழுத் தலைவர் முதலில் தயங்கினாராம். "செத்தவ கேக்குறேன், இல்லைங்காதய்யா" என்றாராம்.

"அந்தக் காட்சியைப் போடப்போறேன். வாய் பேசுனதை வாய் பேசுனபடி. ஸ்பூர்த்தி வர முடியாது, சீரியல் ஒப்பந்தம். நீ பேசு."

"என்னால மேடைக்கு வர முடியாதும்மா."

"யார் வரச் சொன்னா? படுதாவுக்குப் பின்னாடி நில்லு. மைக்கைப் புடி. எடுத்துக் குடுக்குறதுதானே உன் வேலை?"

சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

தெரு முழுக்கச் சுவரொட்டி. நான் எடுத்த படம், மாலையோடு. கீழே: "விசாலம் இறந்துவிட்டார். கனகவேணி ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேடையில் பேசுகிறார். அனைவரும் வருக." கண்ணீர் அஞ்சலி என்று நினைத்து ஒருவர் அதற்கும் ஒரு முழம் பூ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தங்கதுரை அண்ணன் போனில், "இதுல நீ எங்கயாச்சும் இருக்கியா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அம்மாவுக்கு இன்று இரண்டு ஊர். தங்கச்சிதான் போன் எடுத்தாள். நாளைக்கு ஒரு மேடையில் பேசுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். "நீயா?" என்று அவள் ஐந்து தடவை கேட்டாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

திரும்பும் ஷேர் ஆட்டோவிலேயே எழுதுகிறேன். அதனால் எழுத்து கோணலாக இருக்கிறது.

தெருவை அடைத்துக் கூட்டம். மேடை நடுவில் ஒரு நாற்காலி, அதன்மேல் மாலை போட்ட படம். வேறு எதுவும் இல்லை. மேளம் ஓய்ந்ததும் வேணியம்மா மேடைக்குப் பின்னாலிருந்து வரவில்லை. கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து, "வழி விடுங்க, வழி விடுங்க, பொணம் வருது" என்று சொல்லிக்கொண்டே நடந்து வந்தார். பெண்கள் அலறிச் சிரித்தார்கள். மேடையேறி, படத்தின் முன்னால் நின்று ஒரு கும்பிடு போட்டார்.

"என் முதல் படத்துல எவளோ பேசுனா. கடைசி சீரியல்லயும் எவளோ பேசிட்டா. நடுவுல மட்டும்தான் நான் பேசுனேன். இன்னைக்கு ஒரு மணி நேரம் எனக்கு. முந்துன வாரம் வெள்ளிக்கிழமை டிவில மருமக மன்னிப்புக் கேட்டதைப் பாத்தீங்கள்ல? அந்த வாயை உத்துப் பாத்தவங்க யாராச்சும் உண்டா?"

"நான் பாத்தேன்! ஒட்டவே இல்ல!" என்று ஒரு கிழவி கத்தினார்.

"ஒட்டாது ஆத்தா. அந்த வாய் பேசுனது வேற. இப்பக் கேளுங்க."

அவர் விசாலமானார். எப்போது ஆனார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒப்பனை இல்லை, பட்டுச்சேலை இல்லை. முதுகு ஒரு விரற்கடை நிமிர்ந்தது, அவ்வளவுதான். அந்த வசனத்தைச் சொன்னார். இன்னும் மோசமாகச் சொன்னார், அன்று ஜெகன் சாரிடம் சொன்னபடியே.

என் முறை. படுதாவுக்குப் பின்னாலிருந்து, "ஆமா" என்றேன்.

"யாருடி அது? எறும்பு பேசுதா?"

கூட்டம் சிரித்தது. எழுதி ஒத்திகை பார்த்ததில் அந்த வரி இல்லை. தர்க்கத்தில் இறங்கிவிட்டார்.

"மூஞ்சியக் காட்டாம பேசுறவளுக்கு நான் எதுக்குடி பதில் சொல்லணும்?"

மைக்கின் வயர் நீளமாக இருந்தது. படுதாவைத் தாண்டி வந்துவிட்டேன். வெளிச்சத்தில் யார் முகமும் தெரியவில்லை, அது நல்லதாகப் போயிற்று. குடம் விழாததைச் சொன்னேன். சோற்றைச் சொன்னேன், படிப்பைச் சொன்னேன். பார்த்தவர்களின் வெட்கத்தைச் சொன்னேன். இடதுபுறம் முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் ஒவ்வொரு வரியையும் என்னோடு சேர்ந்து கத்தினாள். உச்சரிப்பை வைத்துத் தெரிந்துகொண்டேன், ஸ்பூர்த்தி.

முடிந்தது என்று நினைத்தேன். வேணியம்மா விடவில்லை. கிட்டே வந்தார். கண் அந்தப் படத்திலிருந்த கண்.

"எங்கம்மா எங்கம்மாங்குறியே. பேரு இல்லாதவளா அவ? பேரைச் சொல்லுடி பாப்போம், இத்தனை பேருக்கு முன்னாடி."

எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. தவில்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாரிக்கண்ணு" என்றேன். "ஒரத்தநாடு மாரிக்கண்ணு. கரகாட்டக் கலைஞர். இருபத்தொன்பது வருசமா ஆடுறாங்க. நேத்து ரெண்டு ஊர்ல ஆடுனாங்க. அவங்க மகதான் நான், பொன்னரசி. எங்க வீட்டுல முதல் பட்டதாரி. இந்த வசனத்தைப் பேப்பர்ல எழுதுனவளும் நான்தான், அதுக்குப் பதில் சொன்னவளும் நான்தான். இன்னொரு தடவை கேளுங்க, இன்னொரு தடவை சொல்றேன்."

தவில்காரர் ஒரு உருட்டு உருட்டினார். என் குதிகால் தூக்கியது. மரத்துப்போகவில்லை.

வேணியம்மா நாற்காலிக்குப் போனார். படத்திலிருந்து மாலையைக் கழற்றினார். கூட்டத்தைப் பார்த்து, "செத்தவளுக்கு இது எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். அது செவ்வந்தி இல்லை, காகிதம்தான். இருந்தாலும் தும்மினார். வேண்டுமென்றே தும்மினார் என்று நினைக்கிறேன். கைதட்டல் அடங்கவேயில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் போனில் தங்கதுரை அண்ணன். இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்றார். சரி என்றேன். திரும்பச் சொல் என்று அவர் கேட்கவில்லை. முதல் தடவையே கேட்டுவிட்டது.

பத்து மணிக்கு வேணியம்மா. போரூரில் ஒரு கோயில், மாங்காட்டில் ஒன்று, கூப்பிட்டிருக்கிறார்களாம். "நாளைக்குப் புதுசாக் கேப்பேன். ராத்திரி முழுக்க யோசிச்சு வச்சுக்காத. மனப்பாடம் பண்ணி வந்தீன்னா மேடையிலயே கழுத்தை நெரிச்சுருவேன்."

மதியம் அம்மா. யாரோ போனில் எடுத்த காணொளி ஒரத்தநாடு வரை போய்விட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்தேன்.

"ஏண்டி, எம்பேர மைக்குல சொன்னியே."

"சொன்னேன்மா."

"ஊரோட சொன்ன, சரி. போன் நம்பரையும் சொல்லியிருக்கக் கூடாது? ஆவணி பூரா சும்மாதானே கெடக்குறேன்."

விடுதி அக்கா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "யாரு, அம்மாவா? கோயில்ல என்ன வேலைன்னு நீ கடைசிவரை சொல்லவே இல்லையே?"

போனை ஒலிபெருக்கியில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே கேளுங்கக்கா. நல்லாச் சொல்லுவாங்க."